கொடையும் தடையும்: ஒரு புதன்கிழமையின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் எழுத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். அண்ணனின் எழுத்தைப் பற்றி இதே மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் பேசியிருக்கிறார்கள். நான் அவருடைய கடனிலிருந்து தொடங்குகிறேன். அவருடைய இதழ் பதினோரு இதழ்களோடு நின்றுபோனது. எழுத ஆளில்லாமல் அது நிற்கவில்லை என்பது அவரோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். அச்சகத்துக்குப் பாக்கி, காகிதக் கடைக்குப் பாக்கி. ஒருமுறை ஒரு நிதி நிறுவனம் உதவ முன்வந்தது. பணம் தருகிறோம், ஆசிரியர் குழுவில் எங்கள் ஆள் ஒருவர் இருப்பார் என்றார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். அன்று இரவு முழுக்க நாங்கள் நாலைந்து பேர் அவரோடு சண்டை போட்டோம். நான் எதிரணியில் இருந்தேன். வாங்கியிருக்கலாம், இதழாவது வந்திருக்கும் என்பது என் கட்சி. அந்தச் சண்டை எனக்குள் இன்னும் ஓயவில்லை.

அதே கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவில் சிலர் எதிர்கொண்டார்கள். பத்திரிகை நடத்தவும், வழக்கு நடத்தவும், சிறைக்குப் போனவன் வீட்டில் உலை வைக்கவும் பணம் வேண்டும். அந்தப் பணம் யாரிடமிருந்து வரலாம், வந்தால் நாற்காலியில் யார் உட்காருவது? பதில் தேடியதில் சிலர் உயிரையும் இழந்தார்கள். இன்று அவர்கள் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1977 அக்டோபர் 19, புதன்கிழமை. அன்று ஒரே நாளில் தென்னாப்பிரிக்க அரசு 18 அமைப்புகளைத் தடை செய்தது. கறுப்பின மக்கள் பெருவாரியாக வாங்கிப் படித்த ‘தி வேர்ல்ட்’ நாளிதழும் அதன் வார இறுதி இதழும் மூடப்பட்டன. ஆசிரியர் பெர்சி கொபோசா கைதானார்; விசாரணை எதுவும் இல்லாமல் ஐந்து மாதம்போல உள்ளே இருந்தார். கிழக்கு லண்டன் என்ற துறைமுக நகரத்தில் ‘டெய்லி டிஸ்பாட்ச்’ நடத்திவந்த வெள்ளைக்கார ஆசிரியர் டொனால்ட் வுட்ஸ் இனி ஒரு வரியும் எழுதக்கூடாது என்று ஆணை வந்தது. அந்த நாளை அங்கே ‘கறுப்புப் புதன்’ என்கிறார்கள். இன்றும் அக்டோபர் 19தான் அந்நாட்டின் ஊடகச் சுதந்திர நாள். கறுப்பு அழகு என்று சொன்னவர்களை நசுக்கிய நாளுக்குக் கறுப்புப் புதன் என்று பெயர் விழுந்ததைப் பாருங்கள். சொற்களில் ஊறிய அழுக்கு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. நமக்குத் தெரியாததா?

பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த நாளைச் சொல்லும்போது ‘தி வேர்ல்ட்’ மூடப்பட்டதைச் சொல்வார்கள், கொபோசாவைச் சொல்வார்கள். சொல்லவேண்டியதுதான். என் கண் நிற்பது அந்த 18 பெயர்களின் பட்டியலில். மாணவர் அமைப்புகள் இருக்கின்றன, கறுப்பின மக்கள் மாநாடு என்ற அரசியல் அமைப்பு இருக்கிறது, இவற்றை எதிர்பார்க்கலாம். கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கம் இருக்கிறது. மெடுபே என்ற எழுத்தாளர் சங்கம் இருக்கிறது. இந்த மன்றத்தைப் போல ஒன்று, கவிதை வாசித்துக்கொண்டிருந்தவர்கள். பெண்கள் கூட்டமைப்பு இருக்கிறது. அவற்றோடு ஜிமேலே அறக்கட்டளை நிதி என்று ஒரு பெயர். ‘கறுப்பினச் சமூகத் திட்டங்கள்’ என்று இன்னொரு பெயர். முதலாவது, சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவி செய்த நிதி. இரண்டாவது, ஒரு கிராமத்து மருத்துவமனையும் ஒரு தோல் பொருள் தொழிற்கூடமும் நடத்தி, ஆண்டுக்கொரு புத்தகம் போட்டுக்கொண்டிருந்த நிறுவனம். நாளிதழையும் மருந்துச் சீட்டு எழுதும் இடத்தையும் ஒரே தாளில் ஒரே பேனாவால் ஏன் அடித்தார்கள்? அந்த அரசுக்கு மூளை இல்லை என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கென்னவோ அவர்கள் மிகச் சரியாகக் கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள் என்று தோன்றுகிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் என்ற ஊரில், நுழைவுச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்கள் மேல் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். பெயர்ஸ் நௌதே என்ற ஒரு பாதிரியார் இருந்தார். வெள்ளை ஆட்சிக்கு வேதாகமத்தில் நியாயம் தேடித் தந்த டச்சு சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். அந்த ஆட்சியின் முதுகெலும்பாக இருந்த இரகசிய சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரின் மகன். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அக்கிரகாரத்தின் நடுவீட்டுப் பிள்ளை. ஷார்ப்விலுக்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. 1963இல் தன் சபைப் பதவியை விட்டுவிட்டுக் ‘கிறிஸ்தவ நிலையம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அது ‘புரோ வெரித்தாத்தே’ இதழின் துணையோடு இயங்கியது. ஐரோப்பிய சபைகளிலிருந்து அதற்குப் பணம் வந்தது. 1969இல் இந்த நிலையமும் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகளின் மன்றமும் சேர்ந்து, நிறவெறிச் சமூகத்தைப் பற்றி ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கின. ஸ்ப்ரோ-காஸ் என்று அதற்குச் சுருக்கப் பெயர். அந்த ஆய்வறிக்கைகளை அச்சடிக்கத் தொடங்கிய பதிப்பகத்துக்கு ‘ராவன்’ என்று பெயர். பீட்டர் ராண்டல், வான் சில், நௌதே என்ற மூன்று பேரின் பெயர்களிலிருந்து எழுத்தெடுத்துக் கோத்தது. நமக்கு வேறொரு ராவணன் ஞாபகம் வரும், வரட்டும், தப்பில்லை.

அறிக்கை போட்டால் போதுமா, செயல் வேண்டாமா என்ற கேள்வி எழுந்து 1972இல் அத்திட்டம் இரண்டாகப் பிரிந்தது. வெள்ளையரிடம் வெள்ளையர் வேலை செய்யட்டும், கறுப்பரிடம் கறுப்பர் வேலை செய்யட்டும். இரண்டாவது பகுதிதான் ‘கறுப்பினச் சமூகத் திட்டங்கள்’. பென் கோப்பா என்ற சமூகப் பணியாளர் இயக்குநர். மருத்துவப் படிப்பைத் தொடராமல் வெளியே வந்திருந்த 25 வயது இளைஞர் ஒருவர் டர்பன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்டீவ் பீக்கோ.

அண்ணனோடு நடந்த சண்டைக்கு என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது இந்த இடம்தான். பீக்கோ அப்போதே வெள்ளைத் தாராளவாதிகளைக் கடுமையாக விமர்சித்துப் பேர் வாங்கியிருந்தார். நம் வலியை எப்படிச் சொல்வது என்று நமக்கே பாடம் எடுக்க வருகிறவர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. 1960களின் இறுதியில் கலப்பு மாணவர் சங்கத்திலிருந்து வெளியேறித் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பை, சுருக்கமாக சாசோவை, உருவாக்கியவர்களின் முன்வரிசையில் நின்றவர் அவர். ‘வெள்ளையர் அல்லாதோர்’ என்ற சொல்லையே வேண்டாமென்று தள்ளியவர்கள் அவர்கள். இல்லாமையை வைத்து எங்களுக்குப் பெயர் சூட்டாதே, நாங்கள் கறுப்பர் என்றார்கள். ‘ஹரிஜன்’ என்ற பெயரை உதறியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் வெள்ளைச் சபைகளின் வழியாக வந்த பணத்தில் சம்பளம் வாங்கலாமா? தோழர்களே கேட்டார்கள். அவர்கள் கண்ட வழி இது: பணம் வரட்டும், தீர்மானம் எங்களுடையது. எந்த ஊரில் மருத்துவமனை, எந்தப் புத்தகம், யார் ஆசிரியர் என்பதைக் கறுப்பர்களே முடிவு செய்வார்கள். நௌதேயும் ராண்டலும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் குறிப்பிடத்தான் வேண்டும். கொடுக்கிறவன் கை மேலே இருக்கும் என்பது உலக வழக்கம். கையைக் கீழே வைத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டவர்கள் சொற்பம்.

இப்படிப்பட்ட கொடையை நாமும் பார்த்திருக்கிறோம். 1920 ஜனவரி 31 அன்று பாபாசாகேப் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். திலகரின் ‘கேசரி’, கட்டணம் தருகிறோம் என்று சொல்லியும் ‘மூக்நாயக்’ விளம்பரத்தைப் போட மறுத்தது. அடுத்து வந்த ‘பகிஷ்கிருத் பாரத்’ 1927இல் தொடங்கி 1929இல் நின்றது. அதன் பத்திகளை நிரப்பும் வேலை பெரும்பாலும் அம்பேத்கரின் தலையிலேயே விழுந்தது. பத்திரிகைச் சுதந்திரம் என்று சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு. காகிதம் வாங்கக் காசும், பெயர் வெளியே தெரிய ஒரு விளம்பரமும் கிடைக்காதவனுக்கு அந்தச் சட்டம் எழுதப்பட்ட தாளும் கிடைக்காது.

டர்பனுக்கு வருவோம். ‘கறுப்பினச் சமூகத் திட்டங்கள்’ செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பிளாக் ரிவ்யூ’ என்ற ஆண்டுத் தொகுப்பு. கறுப்பின மக்கள் வாழ்வில் அந்த ஆண்டு என்ன நடந்தது? எத்தனை பேர் கைது, எந்தப் பள்ளியில் வேலைநிறுத்தம், எந்தக் கவிஞனின் புத்தகம் தடை, யார் நாடகம் போட்டார்கள், கூலி என்ன, வழக்குகள் எந்தக் கட்டத்தில் நிற்கின்றன? கோபமான தலையங்கம் கிடையாது. பெயர், தேதி, எண்ணிக்கை. வெள்ளையர் நடத்திய ஆய்வு நிறுவனங்கள் இப்படிப்பட்ட ஆண்டறிக்கைகளைப் பல காலமாகப் போட்டுவந்தன. கறுப்பர்கள் தங்களைப் பற்றித் தாங்களே தொகுத்த கணக்கு இது.

1972ஆம் ஆண்டுத் தொகுப்பில் பீக்கோவின் உழைப்பு நிறைய. அது வெளியே வந்தபோது அவர் பெயர் அதில் இருக்க முடியவில்லை. 1973இன் தொடக்கத்தில் அவரையும் சேர்த்து எட்டு தலைவர்கள் மேல் தடை ஆணை வந்திருந்தது. தடை ஆணை என்றால் சிறையல்ல, அதைவிட மலிவானது. ஒரு குறிப்பிட்ட நகர எல்லையைத் தாண்டக்கூடாது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் யாரோடும் இருக்கக்கூடாது. எழுதக்கூடாது. அவர் சொன்னதை வேறு யாரும் மேற்கோள் காட்டவும் கூடாது. சாப்பாடு போடும் செலவுகூட இல்லாமல் அரசு ஒரு மனிதனைப் பேச்சிலிருந்து அகற்றிவிடும். ஆக, தொகுப்பு கோப்பாவின் பெயரில் வந்தது. அடுத்த ஆண்டின் தொகுப்பு கவிஞர் மாபிகா க்வாலாவின் பெயரில். அதற்கடுத்தது தோகோ ம்பாஞ்ஜ்வா என்ற பெண்ணின் பெயரில். 1975–76க்கானது ஆஷா ராம்பாலி என்ற இன்னொரு பெண்ணின் பெயரில். நான்கு தொகுப்பு, நான்கு ஆசிரியர். நூலகப் பட்டியலில் இந்தப் பெயர்களை வரிசையாகப் பார்க்கிறவர், ஆசிரியர் குழுவில் ஏதோ பூசல் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். ஒருவர் விழுந்த இடத்தில் அடுத்தவர் வந்து நின்ற வரிசை அது. கடைசி இரண்டு பேரும் பெண்கள் என்பதை நம் மன்றத்தின் ஆண் தோழர்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பீக்கோவைக் கிங் வில்லியம்ஸ் டவுன் என்ற அவரது சொந்த ஊருக்குள் அடைத்தார்கள். அவர் அங்கேயே, பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில், அமைப்பின் கிளை அலுவலகத்தைத் திறந்தார். 1975இல் ஊருக்கு வெளியே ஜின்யோகா கிராமத்தில் ஜனெம்பிலோ மருத்துவமனை எழுந்தது; மம்பெலா ரம்பெலே என்ற இளம் பெண் மருத்துவர் பொறுப்பேற்றார். நலம் கொண்டுவருபவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள். அதே ஆண்டில் ஜிமேலே நிதி தொடங்கியது. சொந்தக் காலில் நில் என்று அதற்குப் பொருள்.

ஜிமேலே நிதியின் வேலையைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். ராபன் தீவிலிருந்து ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து ஒருவன் வெளியே வருகிறான். வேலை தர ஆளில்லை. பிள்ளைகளின் படிப்பு எப்போதோ நின்றிருக்கும். அவனுக்கு ஒரு சிறு தொழில், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், பயணச் செலவு. கொள்கைக்காகச் சிறை போனால் உன் வீடு பட்டினி கிடக்கும் என்பதுதான் எந்த அரசும் வாயைத் திறக்காமல் சொல்லும் மிரட்டல். அந்த மிரட்டலின் பல்லைப் பிடுங்கியது இந்தச் சின்ன நிதி. அதன் நிர்வாகி மப்பெட்லா மொஹாபி. 1976 ஆகஸ்ட் 5 அன்று கெய் ரோடு காவல் நிலையத்தில் அவர் பிணமாகக் கிடந்தார். தன் ஜீன்ஸ் கால்சட்டையால் தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது போலீஸ். குண்டு வைத்தவரல்ல, கணக்கெழுதியவர். காவல் நிலையக் கம்பியையும் கால்சட்டையையும் காட்டும் இந்தக் கதையை நாம் இங்கே எத்தனை முறை கேட்டிருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கினால் இன்றைய கூட்டம் முடியாது.

இதற்கிடையில் பிரிட்டோரியாவில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1974 செப்டம்பரில் மொசாம்பிக் விடுதலையைக் கொண்டாட டர்பனில் கூட்டம் போட்டதற்காகச் சாசோ, கறுப்பின மக்கள் மாநாடு ஆகியவற்றின் ஆட்கள் பலரைப் பிடித்தார்கள். கடைசியில் ஒன்பது பேர் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். சாட்சியாக முன்வைக்கப்பட்டவற்றில் கவிதைகள் இருந்தன, நாடகப் பிரதிகள் இருந்தன, செய்தி மடல்கள் இருந்தன. 1976 மே மாதம் பீக்கோ எதிர்த்தரப்பின் சாட்சியாக வந்தார். சாசோ செய்தி மடலில் ‘ஃபிராங்க் டாக்’ என்ற புனைபெயரில் வந்த கட்டுரைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நீதிபதி கூண்டிலிருந்த ஒருவரைக் குறித்து அவர்தானே அது என்று கேட்டார். பீக்கோ இல்லை என்றார், அது நான்தான் என்றார். தடை ஆணையில் இருக்கும் மனிதன், திறந்த நீதிமன்றத்தில், தன் எழுத்தைத் தன்னுடையது என்று உரிமை கோரினான். அந்த ஒன்பது பேரும் ஐந்து, ஆறு ஆண்டுகள் தண்டனை பெற்று ராபன் தீவுக்குப் போனார்கள்.

அந்த ஒன்பது பேரில் சாத்ஸ் கூப்பர் ஒருவர், ஸ்ட்ரினி மூட்லி இன்னொருவர். இருவரும் நேட்டால் நாடகக் குழுவில் இயங்கியவர்கள். மூட்லி என்பது என்ன? நம்முடைய ‘முதலியார்’ நேட்டாலில் அப்படி உருமாறியது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் நின்றது முதல் 1911 வரை 1,52,000க்கு மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே இறக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். கப்பல் பதிவேடுகளில் சாதிக்கு ஒரு பத்தி உண்டு. பறையர் என்ற குறிப்பு அதில் ஏராளம். கரை இறங்கியபின் பெயரை மாற்றிக்கொண்டவர்களும் ஏராளம். ஸ்ட்ரினியின் முன்னோர் யார் என்பது எனக்கு இங்கே பொருட்டில்லை. இங்கே ஒரு சாதி தன் உயரத்தைச் சொல்லிக்கொள்ளும் பெயரை ஒட்டிக்கொண்டு பிறந்த ஒருவர், அங்கே நான் கறுப்பன் என்று அறிவித்துக்கொண்டு சிறை போனார். அந்தப் பெயருக்கு அதைவிட நல்ல கதி வாய்த்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இன்னொரு பெயரும் அந்தக் கரையில் இருக்கிறது. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று தலைப்பிட்டு நான்கு பக்கப் பத்திரிகை ஒன்றைச் சென்னையில் தொடங்கினார். விலை இரண்டணா. வசவாக இருந்த சொல்லைத் தலைப்பாக ஏற்றிய துணிச்சல் அது. ஏழு ஆண்டு நடந்து அது நின்றது. பின்னர் அவர் தென்னாப்பிரிக்காவில்தான் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அவர் நடந்த அதே நேட்டாலில் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு கூட்டம் தன்மேல் எறியப்பட்ட நிறத்தைத் தன் பெயராக்கிப் பத்திரிகை போட்டது. ஒருவரை மற்றவர் அறிந்து செய்ததல்ல.

பணத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அரசும் அங்கேதான் திரும்பியது. 1974இல் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் ‘பாதிக்கப்பட்ட அமைப்புகள் சட்டம்’ என்று ஒன்றை நிறைவேற்றியது. வெளிநாட்டுத் தூண்டுதலில் அரசியல் செய்வதாக அரசு கருதும் அமைப்பைப் ‘பாதிக்கப்பட்டது’ என்று அறிவித்துவிடலாம். அதன்பின் அது வெளிநாட்டிலிருந்து ஒரு காசும் வாங்கக்கூடாது. 1975இல் நௌதேயின் கிறிஸ்தவ நிலையம் அப்படி அறிவிக்கப்பட்டது. அப்போது யாரையும் சிறையில் போடவில்லை, எந்த இதழையும் கொளுத்தவில்லை. அடுப்பில் விறகை மட்டும் இழுத்துவிட்டார்கள். 1977 புதன்கிழமை அதன் அடுத்த படி.

அந்தச் சட்டம் வந்த இரண்டே ஆண்டில், 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், நம் நாடாளுமன்றம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அச்சமுற்ற அரசுகள் ஒரே மாதிரி யோசிக்கும். அந்தச் சட்டம் யாரெல்லாம் வெளிநாட்டுப் பணம் வாங்கக்கூடாது என்று வரிசைப்படுத்துகிறது: தேர்தல் வேட்பாளர், பிறகு பதிவு பெற்ற பத்திரிகையின் செய்தியாளர், பத்தி எழுத்தாளர், கேலிச்சித்திரக்காரர், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர். கேலிச்சித்திரக்காரரைத் தனியாக நினைவில் வைத்திருந்த சட்டம் அது. 2010இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது, 2020இல் இன்னும் இறுகியது. குஜராத்தில் மார்ட்டின் மக்வான் தொடங்கிய நவ்சர்ஜன் அறக்கட்டளை 1,589 கிராமங்களில் தீண்டாமை எப்படியெல்லாம் நடக்கிறது என்று கணக்கெடுத்து 2010இல் வெளியிட்டது. நம் காலத்து ‘பிளாக் ரிவ்யூ’ என்று அதைச் சொல்வேன். 2016 டிசம்பரில் அதன் வெளிநாட்டு நிதி உரிமம் ரத்தானது. சமூகக் குழுக்களிடையே நல்லிணக்கத்தைக் கெடுக்கும் செயல்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். தனிக் குவளை இருப்பது நல்லிணக்கம்; அதை எண்ணிப் பார்ப்பது கேடு.

வெளிநாட்டுப் பணம் எல்லாம் தூயது என்று நான் வாதாடவில்லை. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஜெனிவாவில் சர்வதேசப் பல்கலைக்கழகப் பரிமாற்ற நிதி என்ற அமைப்பு கறுப்பின உணர்வு இயக்கத்துக்குப் பணம் கொடுத்துவந்தது. அதன் துணை இயக்குநர் கிரெய்க் வில்லியம்சன், நிறவெறி எதிர்ப்பாளராகத் தப்பி வந்தவர் என்று எல்லோரும் நம்பினார்கள். 1980இல் அவர் தென்னாப்பிரிக்க உளவுத்துறை அதிகாரி என்பது அம்பலமானது. யாருக்கு எவ்வளவு போகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதையெல்லாம் கையெழுத்துப் போட்ட நாற்காலியிலேயே போலீஸ் உட்கார்ந்திருந்தது. அந்த நிதி அதோடு மூடப்பட்டது.

அதற்கு நேர் எதிராக லண்டனில் இன்னொன்று நடந்தது. தூய பவுல் பேராலயத்தின் ஜான் காலின்ஸ் என்ற குரு, 1956இல் தேசத் துரோக வழக்கில் மாட்டிய 156 பேருக்காகத் திரட்டத் தொடங்கிய நிதி, பின்பு சர்வதேசப் பாதுகாப்பு உதவி நிதியாக வளர்ந்தது. 1966இல் தென்னாப்பிரிக்கா அதைத் தடை செய்தது. அதன்பின் பணம் பல கை மாறி, மூலம் தெரியாமல், வக்கீல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கைதிகளின் குடும்பங்களுக்கோ சாதாரண ஆங்கிலேயக் குடும்பப் பெண்கள், பேனா நண்பர்கள் எழுதுவதுபோல நலம் விசாரித்துக் கடிதம் எழுதி, அதற்குள் காசோலை வைத்து அனுப்பினார்கள். 1991இல் மூடப்படும்வரை சுமார் பத்து கோடி பவுண்டு இப்படிப் போயிருக்கிறது. அந்த நிதிக்கு ஒரு வெளியீட்டுப் பிரிவும் இருந்தது. தென்னாப்பிரிக்காவுக்குள் அச்சேற முடியாத படங்களையும் சிறைச் செய்திகளையும் நீதிமன்ற விவரங்களையும் அது வெளியே அச்சடித்தது. வழக்குச் செலவும் செய்தி வெளியீடும் ஒரே கூரையின் கீழ். அந்த அரசு எதை ஒன்றாகச் சேர்த்து அடித்ததோ, அதை இவர்கள் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய மாதங்கள். 1976 ஜூன் 16 சோவெட்டோ மாணவர் எழுச்சியில் சாம் நிசிமா எடுத்த படத்தை, குண்டடிபட்ட பன்னிரண்டு வயது ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்தப் படத்தை, வெளியிட்டது ‘தி வேர்ல்ட்’. கறுப்பர்கள் எழுதி, கறுப்பர்கள் படித்த அந்தப் பத்திரிகையின் உரிமை ஒரு வெள்ளை நிறுவனத்திடம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். நிருபனின் துணிச்சலுக்கு மேல் ஒரு முதலாளியின் கணக்கு எப்போதும் உட்கார்ந்திருந்தது. 1977 ஏப்ரலில் ரம்பெலேயை ஜனெம்பிலோவிலிருந்து பெயர்த்து நாட்டின் வடக்கு மூலைக்கு நாடு கடத்தினார்கள். ஆகஸ்ட் 18 அன்று பீக்கோவைச் சாலைத் தடுப்பில் பிடித்தார்கள். மண்டையில் அடிபட்டு நினைவு தடுமாறிய மனிதனை நிர்வாணமாக ஒரு வண்டியின் பின்னால் கிடத்தி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோனார்கள். செப்டம்பர் 12 அன்று அங்கே இறந்தார். வயது 30. நீதி அமைச்சர் ஜிம்மி க்ரூகர் அதை உண்ணாவிரதச் சாவு போலப் பேசினார். அந்தச் சாவு தன்னை எந்தவிதத்திலும் பாதிக்கவில்லை என்றும் தன் கட்சி மாநாட்டில் சொன்னார். பட்டினிக்கான அடையாளமே உடலில் இல்லை என்பதை ‘ராண்ட் டெய்லி மெயில்’ வெளிக்கொண்டு வந்தது. பொய் அம்பலமான சில நாள்களிலேயே வந்தது அந்தப் புதன்கிழமை.

தடைக்குப் பிறகு சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். ஜனெம்பிலோ அரசின் கைக்குப் போனது. நௌதே ஏழு ஆண்டு தடை ஆணையின் கீழ் இருந்தார். வுட்ஸ் அந்த ஆண்டின் இறுதியில் லெசோத்தோவுக்குத் தப்பினார். பீக்கோவின் சாவில் தொடர்புடைய போலீஸ்காரர்கள் கேட்ட மன்னிப்பை 1999இல் உண்மை ஆணையம் மறுத்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை. பீக்கோவின் மகன் தந்தையின் பெயரில் 1998இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அவர் வளர்ந்த கின்ஸ்பெர்க் குடியிருப்பில் இப்போது ஒரு நூலகமும் அரங்கமும் இருக்கின்றன.

அண்ணனோடு போட்ட சண்டையில் நான் பாதி தோற்றேன் என்று இப்போது நினைக்கிறேன். ஆசிரியர் குழுவில் ஆள் வைப்போம் என்றவர்களிடம் அவர் மறுத்தது சரி. அதோடு நின்றுவிட்டது சரியில்லை. நாற்காலியைக் கேட்காத பணத்தைத் தேடி நாங்கள் யாரும் போகவில்லை, அவரையும் போகவிடாமல் பெருமை பேசியே உட்கார்த்தி வைத்தோம். அவர் இறந்தபின் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த சந்தா நோட்டில் 140 பெயர்கள் இருந்தன. பாதிப் பேருக்குமேல் பணம் வரவில்லை என்று அவர் கையாலேயே சிவப்பு மையில் குறித்திருந்தார். அந்தப் பெயர்களில் ஒன்று என்னுடையது.

ஆஷா ராம்பாலி தொகுத்த 1975–76ஆம் ஆண்டு ‘பிளாக் ரிவ்யூ’ தடைக்குச் சற்று முன்பு அச்சாகி வந்தது. சோவெட்டோவில் மாணவர்கள் மேல் துப்பாக்கி திரும்பிய ஆண்டின் மீதிக் கணக்கு, பீக்கோ இறந்த ஆண்டின் கணக்கு, அதற்கடுத்த தொகுப்பில் வரவேண்டும். அந்தத் தொகுப்பு வரவில்லை.